வேளாங்கண்ணி நடைபயணம் – முதுநகர் குழு

டேவிட்: மாமா, நடக்கிறவங்க, சைக்கிள், தேர் எல்லாம் இந்த வருஷம் ஒண்ணா கிளம்பலாமா?

சகாயம் மாமா: வேணாம்பா. சேர்ந்து போனா சைக்கிள்காரன் நின்னு நின்னு போவான், நடக்கிறவன் அவனுக்காக எட்டிப் போட்டு ரெண்டாம் நாளே கால் வீங்கிடுவான். கடலூர்லேந்து சுமார் 130 கி.மீ. நடக்கிறவங்க ஆகஸ்ட் 23 விடிகாலை கிளம்பினா 28 சாயந்திரம் சேரலாம். 29 திருவிழா கொடியேத்தத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரியாவது காலை நீட்டிப் படுக்கணும். சைக்கிளுக்கு 27 போதும், ராத்திரி சீர்காழியில தங்கிடுங்க.

டேவிட்: வெறுங்கால்னு நேர்ந்துக்கிட்டவங்க இருக்காங்களே

ஜெயா அக்கா: காலையில 3லேந்து 9, சாயந்திரம் 4லேந்து 8, அவ்வளவுதான். வெயில் ஏறிட்டா ஓரத்து வெள்ளைக்கோட்டு மேல நடக்கச் சொல்லு, தார் அளவுக்குச் சுடாது. செருப்பு போடுறவங்க புதுசு வாங்காதீங்க, பழகினதே போதும். கொப்புளத்தை ஊசியால குத்தவே கூடாது. தோல் மூடியிருந்தாத்தான் சீழ் வைக்காது.

ஜெயா அக்கா: ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணி. சின்ன பாட்டில்ல முழுசையும் கொட்டினா உப்பு கூடிப் போயிடும், தயவுசெஞ்சு அப்படிக் கலக்காதீங்க 🙏

டேவிட்: தேருக்குப் பழைய சைக்கிள் சக்கரமே போட்டுக்கலாமா அண்ணே?

ஆரோக்கியம் அண்ணன்: ஆகாது தம்பி. சைக்கிள் திரும்பும்போது சாயும், அதனால கம்பிக்கு நேர் பாரம்தான். நாலு சக்கரத் தேர் சாயாது. வளைவுல பக்கவாட்டுல இழுக்கும், போக்ஸ் கம்பி ஒண்ணு அறுந்தா சக்கரம் கோணி ஆட ஆரம்பிச்சிடும். தள்ளுவண்டி சக்கரம் கனம்தான், ஆனா தாங்கும். மாதா சுரூபத்தோட பீடத்தைக் கீழ இறக்கி வைங்க, கடல் காத்துக்குத் தேர் ஆடாது.

ஆரோக்கியம் அண்ணன்: பேட்டரி 12 வோல்ட், 40 ஆம்பியர்-ஹவர். விளக்கு 20 வாட்ஸ், பாட்டுக்கு வைக்கிற ஆம்ப்ளிஃபையர் 60 வாட்ஸ்னா 3 மணி நேரம்தான் ஓட்டணும். பாதிக்குக் கீழ இறக்கினா பேட்டரி சீக்கிரம் செத்துடும். விடிகாலையில ஆம்ப்ளிஃபையரை நிறுத்திட்டு விளக்கு மட்டும் எரியட்டும்.

சகாயம் மாமா: தனியா நடக்கிறவங்க சாலைக்கு வலது ஓரம், எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும். தேர் இடது ஓரம்தான் போகணும், அதோட வர்றவங்களுக்கு வண்டி எல்லாம் பின்னாலேந்து வரும். கடைசியா வர்ற ரெண்டு பேர் முதுகுல ரிஃப்ளெக்டர் பட்டை இல்லாம கிளம்பவே கூடாது. கொள்ளிடம் பாலத்தை வெளிச்சத்துல தாண்டுங்க.

ஜெயா அக்கா: ரயில்ல வர்ற பெரியவங்க வேளாங்கண்ணி மணல்ல முட்டி போட்டுப் போகணும்னா விடிஞ்சதுமே முடிச்சிடச் சொல்லுங்க. மதியம் அந்த மணல் கொதிக்கும்.

ஆரோக்கியம் அண்ணன்: டேவிட், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தேர் சக்கரத்தைக் கழட்டி கிரீஸ் வைப்போம். ஸ்பேனர் செட் எடுத்துட்டு வா.