12 அடி டிராம்போலின்: ஏறும் பக்கத்து ஸ்பிரிங் மட்டும் தொய்ந்துவிட்டது

கொல்லைப்பக்கம் (காரைக்குடி)

12 அடி வட்ட டிராம்போலின் (வட்டச் சட்டத்துல சுத்திலும் ஸ்பிரிங் மாட்டி இழுத்துக் கட்டின மேட், பிள்ளைங்க ஏறிக் குதிக்கிறது), 72 ஸ்பிரிங். நாலு வருஷமா கொல்லையில வெயில்லயும் மழையிலயும் கிடக்கு. பிள்ளைங்க ஏறி இறங்குற பக்கம் அடுத்தடுத்து ஏழு ஸ்பிரிங் தொய்ஞ்சிருக்கு. எட்டாவது கொக்கியில ஒடிஞ்சு போச்சு. மத்ததுல மேலாப்புல துரு, குதிச்சா கீச்கீச்னு சத்தம்.

எட்டை மட்டும் மாத்துனா போதுமா? லேத் பட்டறையில அதே அளவுக்குச் சுத்தித் தர்றேங்கிறாங்க, வாங்கலாமா? மிச்சத்தை ஆசிட்ல முக்கித் துருவை எடுத்துட்டுத் திரும்ப மாட்டலாமா?

சுருள்கம்பி

ஆசிட் வேண்டவே வேண்டாம். இது அதிகக் கார்பன் உள்ள ஸ்பிரிங் ஸ்டீல். ஆசிட் முதலில் துத்தநாகப் பூச்சைத் தின்னும். பிறகு அதில் கிளம்பும் ஹைட்ரஜன் கம்பிக்குள் இறங்கி அதை மொறுமொறுப்பாக்கிவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், இழுவை ஏறியதும் கொக்கி வளைவில் பட்டென்று ஒடியும். மேல்துருவுக்கு ஒயர் பிரஷ்ஷும் காய்ந்த துணியும் போதும். தேய்த்தபின் கம்பியில் குழி தெரிந்தால் அந்த ஸ்பிரிங் கழிவு.

ஸ்பிரிங்கில் முதலில் சாவது சுருள் அல்ல, கொக்கி. கழற்றி, வளைவின் உள்பக்கத்தைப் பாருங்கள். மேட் ஓரத்தில் ஸ்பிரிங் மாட்டும் முக்கோண வளையம் உரசி உரசி அங்கே ஒரு பளபளப்பான பள்ளம் விழுந்திருக்கும். முகப்பில் தொங்கும் ஊஞ்சலில் சங்கிலிக் கொக்கி தேய்வது போலத்தான். விரல் நகம் தட்டி நிற்கிற ஆழம் இருந்தால் தூக்கிப் போடுங்கள், சுருள் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி.

சுருளுக்குச் சோதனை வேறு. கையில் சும்மா வைத்திருக்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இடையில் விசிட்டிங் கார்டு நுழைந்தால் அது நீண்டு போனது, இனித் திரும்பாது.

லேத்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: என்ன கம்பி? கட்டுக்கம்பி, வேலிக்கம்பி வகை என்றால் ஒரு வாரத்தில் நீண்டு தொங்கும். சரியான ஸ்பிரிங் கம்பியே வைத்திருந்தாலும், சுற்றியபின் மிதமான சூட்டில் வைத்து உள்இறுக்கத்தைத் தணிக்க வேண்டும். அதைச் செய்வதில்லை என்றால் வாங்காதீர்கள்.

பைக் சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங்கைப் போடச் சொல்லவும் யாராவது வருவார்கள். அதன் விறைப்பே வேறு, அந்த இடத்தில் மேட் வளையத்தின் தையல் பிய்ந்து வரும்.

டி_கொக்கி (தேவகோட்டை)

அளவை மாட்டியிருக்கும்போது எடுக்காதீங்க. கழற்றி, ஒரு முனைக் கொக்கியின் வெளி விளிம்பிலிருந்து மறுமுனைக் கொக்கியின் வெளி விளிம்பு வரை. தொய்ந்ததை அளந்தாலும் தப்பு, ஏறும் பக்கத்துக்கு நேர் எதிரே இருப்பதை எடுங்க. 140, 165, 178, 215 மி.மீ. எல்லாம் சந்தையில் ஓடும் அளவுகள். அரை அங்குலம் கூடினாலும் மேட் தொய்யும், குறைந்தால் மாட்டவே முடியாது.

கழற்ற டி வடிவக் கொக்கி வேணும். இல்லாட்டி வெல்டிங் கடையில் 8 மி.மீ. கம்பியில் நுனி வளைத்துக் கைப்பிடி வைத்துத் தருவாங்க. அவசரத்துக்குக் கழித்த ஸ்பிரிங் ஒன்றையே மாட்ட வேண்டிய ஸ்பிரிங்கின் கொக்கியில் கோத்து இழுக்கலாம். தடித்த கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முகத்தை இழுக்கும் கோட்டுக்கு நேராக வைக்காதீங்க.

சில ஸ்பிரிங் மட்டும் என்றால் ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டே போகலாம். மொத்தமும் மாற்றுவதென்றால் வரிசையாகப் போகாதீங்க, கடைசிப் பத்தை மாட்ட ஆளே ஏறி மிதித்தாலும் எட்டாது. சட்டத்தின் ஓட்டைக்கும் மேட் வளையத்துக்கும் சாக்பீஸில் 1 முதல் 72 வரை எண் போடுங்க. முதலில் 1, அடுத்து நேர் எதிரே 37, பிறகு 19, 55. அப்புறம் 10, 46, 28, 64. அதற்கு மேல் இடைவெளிகளை எதிரெதிராகப் பாதி பாதியா நிரப்பிக்கிட்டு வாங்க. ஒரு எண் தவறினால் ஸ்பிரிங் எல்லாம் சாய்ந்து நிற்கும், மறுபடி முதலிலிருந்துதான்.

சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். நம்ம செம்மண் புழுதி அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அராவும். கொக்கி சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் மட்டும் சிலிக்கான் ஸ்பிரே, மேட்டில் படாமல்.

நீர்மட்டம்

ஏன் ஒரே பக்கம் போனது என்று யாரும் கேட்கவில்லையே? ஏறுவதும் குதித்து இறங்குவதும் அங்கே, அது பாதிக் காரணம். மீதி, மழையில் மண் இளகி அந்தப் பக்கத்துக் கால் இறங்கியிருக்கும். சட்டத்தின் மேல் நீளக் கட்டை வைத்து ரசமட்டம் பாருங்கள். சரிந்திருந்தால் குதிக்கிற ஆள் தன்னை அறியாமல் பள்ளமான பக்கமே போய் விழுவார், புது ஸ்பிரிங்கும் அங்கேயே சாகும். காலுக்கடியில் கடப்பாக் கல் துண்டு வைத்துச் சமப்படுத்திவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

அந்தப் பக்கத்துச் சட்ட ஓட்டைகளையும் பாருங்கள். ஓட்டை முட்டை வடிவில் இழுத்திருந்தால் அந்தத் துண்டுக் குழாயை மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்து அடைத்தால் உள்பக்கத்துத் துத்தநாகம் எரிந்து, குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கொல்லைப்பக்கம்

கழற்றி அளந்தாச்சு. எதிர்ப்பக்கத்துல 178, தொய்ஞ்சதுல 186. மத்த இடங்கள்ல இன்னும் 11 ஸ்பிரிங்ல கார்டு நுழையுது. தென்மேற்குக் கால் முக்கால் அங்குலம் இறங்கியிருக்கு.

சுருள்கம்பி

8-உம் 11-உம் சேர்த்து 19. கால் பங்கு, அதாவது 18-ஐத் தாண்டினால் நான் மொத்த செட்டையும் மாற்றச் சொல்வேன். புதுசும் பழசும் கலந்தால் விறைத்தது சுமையை முழுதாக வாங்கிக்கொள்ளும், பக்கத்து வளையம் கிழியும். எட்டோடு நின்றிருந்தால் ஒன்பதுக்கு ஒன்றாகப் புதியதைச் சுற்றிலும் பரப்பி, அங்கிருந்து எடுத்த நல்ல பழையதை ஏறும் பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

72-க்கு ஆர்டர் போடும் முன் மேட்டைப் பாருங்கள். வளையத்தைப் பிடிக்கும் நாடாவின் தையல் நூலை நகத்தால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது. அதில் புது ஸ்பிரிங்கை மாட்டினால் அன்றைக்கே பிரியும்.

கொல்லைப்பக்கம்

தெற்குப் பக்கம் ஒரு முழ நீளத்துக்கு உதிருதுங்க.

சுருள்கம்பி

அப்ப மேட்டும் சேர்த்துத்தான். ஸ்பிரிங் 178, வளையம் 72 என்று சொல்லிக் கேளுங்கள். வெறும் 12 அடி என்று சொன்னால் வேறு அளவு வந்து சேரும்.