பொருள்: காருக்குத் தரைத்தளம் உண்டா?

கோவையிலிருந்து

அன்பர்களே, ஞாயிற்றுக்கிழமை அமெச்சூர் வானொலிப் பயிற்சி வைத்திருக்கிறோம். காரின் கூரையில் ஆன்டெனா பொருத்துவது பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். நாம் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு ஆன்டெனா, அலைநீளத்தில் கால் பங்குள்ள கம்பி; ஏறத்தாழ அரை மீட்டர். அது தனியே நின்றால் அரைகுறை. அடியிலுள்ள கூரைத் தகடுதான் மறுபாதி. அந்தத் தகட்டுக்குப் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் 'கிரவுண்ட் பிளேன்' என்பதைப் பார்த்து 'தரைத்தளம்' என்று எழுதினேன். அச்சகத்துப் பையன், "அக்கா, இந்தக் காருக்கு மாடி எத்தனை?" என்கிறான்.

திருச்சியிலிருந்து

தகடு இருக்கட்டும் அம்மா, முதலில் 'ஆன்டெனா'வை எடுங்கள். 'அலைவாங்கி' இருக்கிறதே.

சென்னையிலிருந்து

ஐயா, ஒலிவாங்கி வாங்க மட்டும் செய்யும். இது அனுப்பவும் செய்கிறது. பேசும் பொத்தானை அழுத்தியதும் 'வாங்கி' பொய்யாகிவிடும்.

திருச்சியிலிருந்து

வாங்குதல் என்றால் கொள்ளுதல் மட்டுமா? வளைதல் என்பதும் உண்டு. சங்கப் பாடலில் 'வாங்கமை' வளைந்த மூங்கில். வண்டி வேகமெடுத்தால் உங்கள் கம்பி காற்றில் வளைகிறதா இல்லையா? அலையால் வளைவது அலைவாங்கி! ஒப்பவில்லையென்றால் 'கொம்பு' என்று வையுங்கள். ஊதினால் ஒலியை அனுப்பும்; பூச்சியின் தலையில் இருந்தால் உணரும். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்.

கோவையிலிருந்து

கொம்பு அழகுதான். ஆனால் கூரையில் கொம்பு முளைத்த காரை யார் ஓட்டுவது? தகட்டுக்கு வாருங்கள் ஐயா.

யாழ்ப்பாணத்திலிருந்து

தரை, நிலம், புவி மூன்றையும் விட்டுவிடுங்கள். வாகனம் நிற்பது நான்கு ரப்பர் சக்கரங்களில். மண்ணோடு அதற்கு என்ன தொடர்பு? கண்ணாடி முன் பாதி முகத்தை வைத்தால் முழு முகம் தெரிவதுபோல, தகடு கம்பியின் பிம்பத்தைக் காட்டி மறுபாதியை நிரப்புகிறது. 'ஆடித்தளம்' என்பேன்.

சென்னையிலிருந்து

இயற்பியல் சரி. ஆனால் எங்கள் ஊரில் ஆடி என்றால் தள்ளுபடி.

மதுரையிலிருந்து

வாடகை வண்டிகளுக்கு வயர்லெஸ் மாட்டுகிறவன் நான். பட்டறையில் 'பாடி எர்த்' என்றுதான் சொல்கிறோம். கூரை நடுவில் முக்கால் அங்குலத் துளை போட்டு, உள்ளே பெயின்டைச் சுரண்டி, அடிப்பகுதியை இறுக்கினால் எர்த் ஆகிவிடும். துளைக்கு மனம் வராதவர்கள் காந்த அடியை, அதாவது காந்தத்தால் ஒட்டும் அடிப்பகுதியை, வைக்கிறார்கள். அலுமினியக் கூரையில் அது ஒட்டாது. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகக் கேட்கும், மறுபக்கம் மங்கும். கையேட்டில் இதை எழுதுங்கள், பெயர் எதுவானாலும் ஆகட்டும்.

சென்னையிலிருந்து

அண்ணே, காந்த அடிக்கும் கூரைக்கும் நடுவில் பெயின்ட் இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் இணைப்பே காட்டாது. இரண்டு உலோகமும் மின்தேக்கிபோல் நின்று உயர் அதிர்வெண்ணைக் கடத்துகின்றன. 'எர்த்' என்று எழுதினால் பயிற்சிக்கு வருகிறவர் நல்ல பெயின்டைச் சுரண்டிவிடுவார். கம்பிக்கு எதிரே நின்று ஈடு கொடுப்பதால் 'எதிர்த்தகடு' என்று வைக்கலாமே?

மதுரையிலிருந்து

பைபர் கூரை வேன்களுக்கு உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டுகிறோம். அதையும் தகடு என்பீர்களா?

கோவையிலிருந்து

மணி பதினொன்று. எதிர்த்தகட்டுக்கு நால்வர், ஆடித்தளத்துக்கு ஒருவர், எர்த்துக்கு ஒருவர். 'எதிர்த்தகடு (கூரைத் தகடே)' என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஆன்டெனா ஆன்டெனாவாகவே இருக்கிறது, திருச்சி ஐயா மன்னிக்கவும்.

திருச்சியிலிருந்து

மன்னித்தேன். ஆனால் நடுவில் 'த்' எப்படி வந்தது? 'எதிர்' என்பதை வினைச்சொல்லாகக் கொண்டால் இது வினைத்தொகை, ஒற்று மிகாது.

சென்னையிலிருந்து

எதிர்க்கட்சியில் மிகுகிறதே ஐயா.

யாழ்ப்பாணத்திலிருந்து

என் வகுப்பில் நான் ஆடித்தளம் என்றுதான் சொல்லப்போகிறேன்.