வீட்டில் தனியாக இருக்கும் பயம்: கிரில் போட்ட சென்னை வீட்டில் அது எங்கிருந்து வரும்?

கொளத்தூர்க்காரன்:
போன சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்காக விருத்தாசலம் போயிருந்தார்கள். ராத்திரி லைட்டை அணைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘ஃபியர்ஸ் டு ஃபாதம்’ என்ற திகில் வீடியோ கேம் தொடரின் முதல் பகுதியான ‘ஹோம் அலோன்’ விளையாடினேன். 2021-இல் வந்தது, கணினி கேம்கள் கிடைக்கும் ஸ்டீம் தளத்தில் இலவசம். மைல்ஸ் என்று 14 வயதுப் பையன், பெற்றோர் ஊரில் இல்லை, வீட்டுக்குள் வேறு யாரோ. அவ்வளவுதான் கதை. முடித்த பிறகு தண்ணீர் குடிக்க சமையலறை வரை போக எனக்குக் கால் வரவில்லை.

அதிலிருந்து, கேம் உருவாக்கும் மென்பொருளான கோடாட்டில் எங்கள் வீட்டையே ஒரு திகில் கேமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது மாடி, ஹால், ஒரு நடை, இரண்டு அறை. ஆனால் மாட்டிக்கொண்டேன். மைல்ஸின் வீட்டுச் சன்னலில் வெறும் கண்ணாடி. எங்களுக்குச் சன்னலுக்குச் சன்னல் கம்பி, மரக்கதவுக்கு வெளியே இரும்பு கிரில், அதில் ஒரு பூட்டு. பக்கத்து வீட்டு சீரியல் வசனம்கூடக் கேட்கும், கத்தினால் நாலு பேர் வந்துவிடுவார்கள். உள்ளே வர வழியே இல்லாத வீட்டில் பயத்தை எங்கே வைப்பது?

மொட்டைமாடி:
வழி எதற்கு? 2014-இல் வந்த ‘பி.டி.’ என்ற திகில் கேமில் திரும்பத் திரும்ப வருவது எல் வடிவத்தில் ஒரே ஒரு நடைதான். உங்களிடமும் ஒரு நடை இருக்கிறது, போதும்.

சத்தத்தில் உழையுங்கள். சுவர் கூர்மையான ஒலியைத்தான் அதிகம் தடுக்கும், அடிக்குரல் உள்ளே வந்துவிடும். கூர்மையான ஒலியைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டர் போட்டால் பக்கத்து வீட்டு டிவி அப்படியே வரும். அப்புறம் கரண்ட்டை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் சத்தம் நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே உறைக்கும்.

காலம் 2016 டிசம்பர் 12, வர்தா புயல் ராத்திரி என்று வையுங்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, யாரையும் கூப்பிட முடியாது. அன்றைக்கு நான் வில்லிவாக்கத்தில் இருந்தேன். அந்த இருட்டை இன்னும் மறக்கவில்லை.

இரவுப்பணி:
தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மடிப்பாக்கத்தில் தனியாக இருந்தபோது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு காலிங் பெல் அடித்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தேன், யாரும் இல்லை. ஆனால் மாடிப்படி லைட் எரிந்தது. அது சென்சார் லைட், ஆள் அசைந்தால்தான் எரியும். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. நான் மூச்சை விடுவதற்குள் மறுபடி எரிந்தது. விடியும் வரை அந்தக் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். கிரில் பூட்டை நான் எப்போதும் சாவித்துளை என் பக்கம் இருக்கும்படிதான் தொங்கவிடுவேன். அது வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

கொளத்தூர்க்காரன்:
அக்கா, இதைப் படித்துவிட்டு எழுந்து போய் எங்கள் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே வருபவனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், வெளியே நிற்பவனை விட்டுவிட்டேன்.

மொட்டைமாடி அண்ணா, புயல் வைத்தால் சென்சார் லைட் எரியாதே. அதனால் கரண்ட் இருக்கட்டும், ஃபிரிட்ஜ் மட்டும் ஒரு முறை நிற்கட்டும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே விளையாடுபவர் தன் கையால் பூட்டைப் பூட்ட வேண்டும். சாவித்துளை எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கு நினைவிருந்தால்தான் காலையில் அது மாறியிருப்பது தெரியும்.

அக்கா, உங்களுக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளலாமா?

இரவுப்பணி:
எடுத்துக்கொள். ஆனால் ராத்திரியில் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்று மட்டும் வைக்காதே. நான் திறக்கவில்லை.