விண்டோஸ் 11-இல் உபுண்டு ஷேர் திறக்கவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வீட்டு டெஸ்க்டாப்பில் உபுண்டு 24.04 லினக்ஸ் ஓடுகிறது. அப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறேன், சுமார் 180 ஜிபி. விண்டோஸோடு ஃபைல் பகிர உதவும் சாம்பா மென்பொருளைப் போட்டு, 'படங்கள்' என்ற ஃபோல்டரைப் பாஸ்வேர்ட் இல்லாமல் பகிர்ந்திருந்தேன். தங்கையின் பழைய விண்டோஸ் 10 லேப்டாப்பில் இதுவரை நன்றாகத் திறந்தது. போன வாரம் அவள் வாங்கிய புது லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு. அதில் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. இது வீட்டு லேப்டாப், எந்த நிறுவனத்தோடும் இணைக்கவில்லை. பிங் போகிறது, ஃபயர்வாலில் ஃபைல் பகிர்வுக்கான 445 போர்ட் திறந்திருக்கிறது. ஃபைல் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் பழைய பதிப்பு, எஸ்எம்பி 1-ஐ இயக்கினால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்யலாமா?

பதில் 1:
வேண்டாங்க. எஸ்எம்பி 1-க்கும் இந்தச் செய்திக்கும் சம்பந்தமே இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். சாம்பாவே 4.11-இலிருந்து அதை இயல்பாக மூடி வைத்திருக்கிறது.

'நிறுவனம்' என்ற சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வீட்டு லேப்டாப்பிலும் அதே வாசகம்தான் வரும். 24எச்2 ப்ரோவில் இரண்டு மாற்றங்கள். எஸ்எம்பி தொடர்பில், தகவலை வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம், கெஸ்டாக (விருந்தினராக) நுழைவதும் இயல்பாகத் தடை. பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்டுக்குக் கையொப்பமிடச் சாவி கிடையாது. அதனால் சாம்பாவில் ஒரு பயனர் வேண்டும். டெர்மினலில் சூடோ போட்டு, எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி (smbpasswd) கட்டளையோடு மைனஸ் ஏ, பிறகு உங்கள் உபுண்டு பயனர் பெயர். சாம்பா தன் பாஸ்வேர்டைத் தனியாக வைத்துக்கொள்ளும், உபுண்டு லாகின் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்ளாது.

கேட்டவர்:
நன்றி. பயனரைச் சேர்த்துவிட்டேன். ஆனால் புது லேப்டாப் பாஸ்வேர்டே கேட்கவில்லை, நேராக அதே செய்திதான். எங்கே தப்பு?

பதில் 2:
நான் இதில் இரண்டு இரவு மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விண்டோஸ் முதலில் உங்களிடம் எதுவும் கேட்காது. தங்கை லாகின் செய்த பெயரையே சாம்பாவுக்கு அனுப்பிப் பார்க்கும். அந்தப் பெயர் சாம்பாவுக்குத் தெரியாது. உபுண்டுவில் வரும் சாம்பாவின் அமைப்புக் கோப்பான எஸ்எம்பி.கான்ஃபில் 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்' என்று ஒரு வரி இருக்கும். தெரியாத பெயரில் யார் வந்தாலும் கெஸ்டாக உள்ளே விடு என்று அதற்கு அர்த்தம். சாம்பா கதவைத் திறக்கிறது, கெஸ்ட் என்று தெரிந்ததும் விண்டோஸ் பின்வாங்குகிறது. யாரும் மறுக்காததால் பாஸ்வேர்ட் பெட்டி வரவே வாய்ப்பில்லை.

அந்த வரியில் 'பேட் யூசர்' இருக்கும் இடத்தில் 'நெவர்' என்று மாற்றுங்கள். உங்கள் ஷேரில் 'கெஸ்ட் ஓகே' வரி இருந்தால் 'நோ' ஆக்குங்கள். அங்கேயே 'ரீட் ஒன்லி = நோ' இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் படம் திறக்கும், புதிதாக எதையும் சேமிக்க முடியாது. அந்தக் கோப்பைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் (testparm) கட்டளையை ஓட்டிப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சாம்பாவின் எஸ்எம்பிடி (smbd) சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, நெட் யூஸ், நட்சத்திரக் குறி, ஸ்லாஷ் டெலீட் என்று அடியுங்கள். அந்த லேப்டாப்பில் இருக்கும் எல்லா நெட்வொர்க் இணைப்புகளும் அறுபடும், வேறு ஏதாவது திறந்திருந்தால் முதலில் மூடிவிடுங்கள். ஒரே சர்வருக்கு இரண்டு பெயர்களில் விண்டோஸ் இணையாது, பழைய தொடர்பு ஒட்டிக்கொண்டிருந்தால் 1219 பிழை வரும்.

பெட்டி வந்ததும் உபுண்டு பயனர் பெயரையும் சாம்பா பாஸ்வேர்டையும் கொடுங்கள். தங்கை லேப்டாப்பைத் திறக்கும் பின் நம்பர் இங்கே உதவாது.

கேட்டவர்:
வந்துவிட்டது! 'நெவர்' மாற்றியதும் பெட்டி கேட்டது, உள்ளே போய்விட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா சைக்கிளோடு நிற்கும் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரொம்ப நன்றி அண்ணா. இன்னும் ஒன்று, எக்ஸ்ப்ளோரரின் நெட்வொர்க் பகுதியில் உபுண்டு பெயர் தெரியவில்லை. இப்போதைக்கு ஐபி முகவரியை அடித்துத்தான் போகிறேன்.

பதில் 1:
இன்றைய விண்டோஸ் அந்தப் பட்டியலுக்கு டபிள்யூஎஸ்-டிஸ்கவரி முறையில் தேடுகிறது, சாம்பா அதில் பதில் சொல்லாது. உபுண்டுவில் டபிள்யூஎஸ்டிடி (wsdd) என்ற சிறிய சேவையை நிறுவி, ஃபயர்வாலில் யூடிபி 3702, டிசிபி 5357 இரண்டையும் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அது பிடிக்கவில்லையென்றால் ரவுட்டரில் டெஸ்க்டாப்புக்கு நிலையான ஐபி ஒதுக்கி, ஷேரை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிடுங்கள். என் அம்மாவுக்கு நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், 'பி' டிரைவ், படங்களுக்கு.