குடிமுறைக் கட்டுரை: விளங்காதது என் குறையா, எழுதினவரின் குறையா?

எழுவான்கரைப் பொடியன்:
இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்கு மட்டக்களப்பின் தாய்வழிக் குலப் பிரிவான குடிமுறையை எடுத்திருக்கிறேன். இணையத்தில் கிடைத்த ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வரி: “குடி என்பது வெளியின் மறுஎழுத்தில் தன்னிலையின் பன்மைச் சிதைவை நிகழ்த்தும் எதிர்க்கதையாடல்.” மூன்று தரம் வாசித்தும் பிடிபடவில்லை. இதை மேற்கோள் காட்டலாமா? முகப்பில் ‘சர்வதேச ஆய்விதழ்’ என்றும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் போட்டிருக்கிறது.

படுவான்கரை:
தம்பி, அந்த வரியில் ‘குடி’யை எடுத்துவிட்டு ‘கூத்து’ என்று போடுங்கள். பிறகு ‘தயிர்ச்சட்டி’ என்று போடுங்கள். வரி அப்படியே நிற்கிறதா? அப்படியென்றால் அது குடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து ‘நிகழ்த்தும்’ என்பதை ‘நிகழ்த்தாத’ என்று மாற்றுங்கள். கட்டுரையின் மிச்சம் எங்கேயாவது இடிக்க வேண்டும். இடிக்காவிட்டால் எழுதினவருக்கே இரண்டும் ஒன்றுதான்.

இதோடு ஒப்பிடுங்கள்: “குடி தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும், ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை.” அக்கரைப்பற்றுக்குப் போய்ப் பத்து வீட்டில் விசாரித்து இதை மறுக்கப் பார்க்கலாம். பிழையென்று காட்டக்கூடிய இடம் இருக்கிற வாக்கியம்தான் ஆய்வுக்கு உதவும்.

ஆனால் கடினமான சொல் எல்லாம் வெறும் பூச்சு இல்லை. ‘வயிற்றுவார்’ (தாய்வழிக் கிளை) என்பது வெளியூராருக்கு விளங்காது; அதற்கு வரையறுத்த பொருள் உண்டு. கலைச்சொல்லை முதலில் பாவிக்கும் இடத்தில் விளக்கியிருக்கிறாரா, கடைசிப் பக்கம்வரை அதே பொருளில் பாவிக்கிறாரா என்று பாருங்கள். வெறும் பூச்சான கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான் கைவிடும்.

வாவிக்கரை:
ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீட்டுக்கு ஒரு அடையாள எண், அவ்வளவுதான். தரத்துக்குச் சான்றில்லை. கட்டுரை கிடைத்த திகதியையும் ஏற்ற திகதியையும் பாருங்கள். இடையில் நாலு நாள் என்றால் யாரும் ஒழுங்காக வாசித்திருக்க மாட்டார்கள். 2013இல் ஜோன் பொஹானன் வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு மருந்தாய்வுக் கட்டுரையை 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன.

ஆங்கிலக் கட்டுரை என்றால் இன்னொரு தடயம்: திருடின பந்தியை மென்பொருளில் போட்டுச் சொல் மாற்றினால் கலைச்சொல் உடையும். செயற்கை நுண்ணறிவு ‘போலிப் பிரக்ஞை’ ஆகிவிடும், மார்பகப் புற்றுநோய் ‘மார்பு அபாயம்’ ஆகிவிடும். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் மிச்சத்தை வாசித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கல்லடிப்பாலம்:
வாவிக்கரை சொல்வதில் பாதிக்குத்தான் உடன்பாடு. நம்முடைய பக்கத்தில் உருப்படியான தகவல் பல, கோயில் மலரிலும் பிரதேச சாகித்திய விழா மலரிலும்தான் கிடக்கிறது. அதற்கு எண்ணும் இல்லை, மதிப்பீட்டாளரும் இல்லை. இதழை வைத்து அளந்தால் அதையெல்லாம் குப்பையில் போடவேண்டி வரும்.

அங்கே பார்க்கவேண்டியது சான்று எங்கிருந்து வந்தது என்பதை. “பழைய ஏடு கூறுகிறது” என்றால் எந்த ஏடு, யார் கையில் இருக்கிறது, யார் பிரதி பண்ணினார்? 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த, மட்டக்களப்பின் பழங்கதை சொல்லும் ‘மட்டக்களப்பு மான்மிய’த்தைப் பக்க எண் இல்லாமல் காட்டுவதும், அதில் வரும் அரசர் வரிசையைக் கல்வெட்டுப்போல எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிற கூத்து. அடிக்குறிப்பில் மூன்றைத் தெரிவுசெய்து மூலத்தைத் திறவுங்கள். பழைய தமிழ் நூல் பல ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இருக்கிறது. சொன்ன பக்கத்தில் சொன்ன விஷயம் இல்லை என்றால், மிச்ச அடிக்குறிப்புகளையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று: 1996இல் இயற்பியலாளர் அலன் சோகல் அர்த்தமில்லாத கட்டுரை ஒன்றை ஒரு பண்பாட்டு ஆய்விதழில் வெளிவரச் செய்ததைக் காட்டி, கோட்பாடு எல்லாமே புலுடா என்று சிலர் கதைப்பார்கள். அந்த இதழ் அப்போது வெளி மதிப்பீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆசிரியர் குழு ஏமாந்ததை அது காட்டியது. ஒரு துறை முழுதையும் அல்ல.

எழுவான்கரைப் பொடியன்:
தயிர்ச்சட்டி பொருந்துகிறது! ஆனால் மேற்பார்வையாளர் 30 மேற்கோள் கேட்கிறார். எண்ணிக்கைக்கு இதையும் சேர்க்கலாமா?

படுவான்கரை:
வேண்டாம். தேர்வாளர் அந்த வரிக்கு விளக்கம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? வண்ணக்கர்மாரிடம் (கோயில் பொறுப்பாளர்களிடம்) எடுத்த நேர்காணலைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள்: ஊர், திகதி, வயது, குடி. பெயர் போட அவர்களின் சம்மதம் கேளுங்கள். அப்படியும் எண்ணிக்கை குறைந்தால், வாசித்ததை மட்டும் போட்டேன் என்று மேற்பார்வையாளரிடமே சொல்லுங்கள்.