பெங்களூரில் வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: தெரிந்தவர்கள் பகிரவும்

இரட்டைக்குழல்:

வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டு வருகிறவர்கள் எடுத்தவுடன் மாடல் பெயரைத்தான் கேட்கிறார்கள். வீட்டுச் சுவர் என்ன சுவர் என்பதுதான் முதல் கேள்வி. பெங்களூர் அபார்ட்மெண்டில் உள்சுவர் பெரும்பாலும் 4 அங்குல சிமெண்ட் பிளாக். இடையில் அறை தடுத்திருந்தால் வெறும் ஜிப்சம் பலகை. அந்தப் பலகையை .32 தோட்டாவும் துளைத்துப் போகும், 12 போர் நீளத் துப்பாக்கியின் எஸ்.ஜி. எனும் பெரிய ரவையும் துளைத்துப் போகும் (போர் என்றால் குழலின் உள்ளளவு). மறுபக்கம் படுத்திருப்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். கிரானைட் தரையில் சாய்வாகப் பட்ட ரவை தரையை ஒட்டியே தெறித்து ஓடும். எந்தக் கதவுக்கு நேராகக் குறிபார்த்தால் பின்னால் யாரும் இல்லை என்று பகலிலேயே நின்று பார்த்துவிடுங்கள். அப்படி ஒரு திசைகூட இல்லாத வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம்.

சட்டப்படி கையில் கிடைப்பவை கொஞ்சம்தான். 9 மி.மீ., .303 எல்லாம் தடை செய்யப்பட்ட போர், சாதாரணக் குடிமக்களுக்கு இல்லை. மிச்சம் இருப்பது .32 ரிவால்வர், .32 பிஸ்டல், 12 போர். ரைஃபிளும் உண்டு, ஆனால் ஊருக்குள் அதை நினைக்கவே கூடாது, குண்டு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ".32" என்றே பெயர் இருப்பதால் தோட்டா ஒன்றே என்று நினைத்துவிடுகிறார்கள். ரிவால்வருக்கு வேண்டியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். அடியில் விளிம்பு நீட்டியிருக்கும், தோட்டாவும் நீளம். பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., குட்டையானது. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

மாதம் ஒரு தடவைகூட ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களத்துக்கு) போகாதவருக்கு ரிவால்வர்தான். மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஸ்பிரிங், ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) என்று பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா இருக்கும் அறை குழலுக்கு நேரே வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் தட்டிவிட வேண்டும். நடுங்கும் கையில் அது சிக்கிக்கொள்ளும். மணிக்கட்டு தளர்ந்தாலே சில பிஸ்டல்கள் அடுத்த தோட்டாவைச் சரியாக ஏற்றாது. ரிவால்வரின் குறை விசையின் கனம். சுத்தியலை விரலால் பின்னுக்கு வைக்காமல் நேரே இழுத்தால் குழல் கீழே சாயும். 2014-இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களை மனதில் வைத்து விட்ட நிர்பீக் ரிவால்வர் அரை கிலோ எடைதான். கைப்பையில் வைக்க வசதி, ஆனால் எடை குறையக் குறையக் கையில் உதைப்பு கூடும். கடையில் வெறுமனே தூக்கிப் பார்த்தால் இது தெரியாது.

12 போர் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், அள்ளித் தெளித்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். தவறு. சோக் (குழல் முனையில் குறுகல்) இல்லாத குழலிலும் கெஜத்துக்கு ஓர் அங்குலம் என்பதுதான் தோராயக் கணக்கு. 12 அடி ஹாலில் ரவை உள்ளங்கை அகலத்துக்குத்தான் பரவும். 28 அங்குலக் குழலோடு பெட்ரூம் வாசல் திரும்பவும் முடியாது. கனகபுரா ரோட்டில் தோட்ட வீடு, சுற்றிலும் வெட்டவெளி என்றால் அது வேறு கதை.

அல்சூர் மலர்:

ஏர்கன் வாங்கினால் லைசென்ஸ் வேண்டாமே, அது போதாதா என்று எங்கள் பிளாக்கில் கேட்கிறார்கள் அண்ணா.

இரட்டைக்குழல்:

போதாதும்மா. 4.5 மி.மீ. போருக்குள், 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம், உண்மைதான். ஆனால் அதனால் ஒருவனைத் தடுக்க முடியாது, கண்ணைக் குருடாக்க முடியும். இருட்டில் பார்க்கிறவனுக்கு அது நிஜத் துப்பாக்கியாகத்தான் தெரியும். அவன் கையில் இருப்பதை உங்கள் மேல் வீசிவிடுவான்.

தாத்தாவின்_துப்பாக்கி:

இங்கே வரும் கேள்விகளில் பாதி பரம்பரைத் துப்பாக்கி பற்றியவை. தாத்தா சேலத்திலோ தஞ்சாவூரிலோ வைத்திருந்த இரட்டைக்குழல், பேரன் ஒயிட்ஃபீல்டில். 2016 ஆயுத விதிகளின் 25-ஆம் விதி: உரிமதாரர் இறந்தாலோ, அவருக்கு 70 வயது ஆனாலோ, அவர் 25 வருடம் வைத்திருந்தாலோ, சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். அதாவது பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, காரியம் முடிந்த பிறகு பரணில் கிடந்ததை டிக்கியில் போட்டுக்கொண்டு ஓசூர் வழியாக வருவதுதான் பெரிய ஆபத்து. அந்த நிமிடம் அது உரிமம் இல்லாத ஆயுதம். இறப்புக்குப் பின் அங்குள்ள ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மாற்றம் முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.

கைக்கு வந்ததும் சுடாதீர்கள். முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழலை மூடி, பின்கட்டையைப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். கடகடவென்று ஆடினால் பூட்டு தேய்ந்துவிட்டது. பிறகு குழலைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒளி வளையம் வளையமாகத் தெரியும். வளையம் எங்காவது நசுங்கியிருந்தால் அங்கே குழல் அமுங்கியிருக்கிறது. குழலின் வெளியே மரத்தின் ரேகை மாதிரி நெளிநெளியாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். இப்போதைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

இன்னொன்று குழலின் அடிப்பக்கத் தட்டையில் பொறித்திருக்கும் அளவு. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் 2½ அங்குலம் என்று இருக்கும். இன்று கடையில் கிடைப்பது 2¾ அங்குலத் தோட்டா. தோட்டாவின் வாய் மடித்து மூடியிருக்கும்போது அது சுலபமாக உள்ளே போய்விடும், அதுதான் ஏமாற்று. சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் குறுகிய வாயில் அடைத்து அழுத்தம் எகிறும். ஆயுதப் பழுது பார்ப்பவரிடம் அளக்கச் சொல்லுங்கள்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி 30 விநாடி நில்லுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு.

வக்கீல்_ஜெயநகர்:

உரிம வேலை பற்றிச் சுருக்கமாக. வயது 21 ஆகியிருக்க வேண்டும். நகர எல்லையில் போலீஸ் கமிஷனர், அதற்கு வெளியே என்றால் டி.சி. (மாவட்ட துணை ஆணையர்) ஆபீஸ். ஃபார்ம் ஏ-1, பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று. "திருட்டு பயம்" என்று ஒரு வரி எழுதினால் நிராகரிப்புதான் வரும். மிரட்டல் இருந்தால் புகார் நகல், எஃப்.ஐ.ஆர்., நகைத் தொழில் என்றால் அதன் ஆவணம், தனித் தோட்ட வீடு என்றால் பட்டாவும் ஸ்டேஷன் தூரமும் காட்டுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு 2 ஆயுதம்தான், உரிமம் 5 வருடம். கூர்க்கில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்களே என்பார்கள். அது அந்த ஊர்க் கொடவர்களுக்கும் ஜம்மா (பழைய பரம்பரை உரிமை) நிலக்காரர்களுக்கும் உள்ள தனி விலக்கு.

இதைவிட முக்கியம், எப்போது சுடலாம் என்பது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சங்கிதையின் 41-ஆம் பிரிவில், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்து நுழைவது வருகிறது. தற்காப்பில் உயிர்ச்சேதம் ஏற்பட்டாலும் அங்கே பாதுகாப்பு உண்டு. ஆனால் 37-ஆம் பிரிவு அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது: தேவைக்கு மேல் தீங்கு கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. வீடு உடைப்பில் உரிமை நிற்பது அத்துமீறல் தொடரும்வரை மட்டும். செல்போனைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் ஏறி ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான். அதனால் சத்தம் கேட்டதும் முதல் வேலை அவசர எண் 112. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு லைனைத் துண்டிக்காமல் வையுங்கள். நீங்கள் உரக்கச் சொன்ன எச்சரிக்கையும் அதில் கேட்கும்.

மிளகு ஸ்ப்ரேயை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு: 2024-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் அதையே ஆபத்தான ஆயுதம் என்ற கோணத்தில் பார்த்து, எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய மறுத்தது.

அல்சூர் மலர்:

சார், பூட்டி வைத்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது, பூட்டாமல் வைத்தால் பிள்ளைகள் எடுக்கும். என்னதான் செய்வது?

இரட்டைக்குழல்:

பிள்ளை இருக்கும் வீட்டில் பூட்டுதான், இதில் இரண்டாவது பேச்சே இல்லை. பீரோ மேல்தட்டு, தலையணை அடி, இரண்டுமே பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம். கான்கிரீட் தூணில் நான்கு ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிய சிறு சேஃப் வேண்டும். 4 அங்குல பிளாக்கில் போல்ட் போட்டால் கடப்பாரையால் பெட்டியோடு பெயர்த்துப் போய்விடுவான், உங்கள் துப்பாக்கி அவன் கைக்குப் போகும். எண் பூட்டு பாட்டரி தீர்ந்தால் திறக்காது. வருடம் ஒரு தடவை ஒரு தேதி குறித்து மாற்றுங்கள், மாற்றுச் சாவி வேறு வீட்டில் இருக்கட்டும். தோட்டா தனிப் பெட்டியில், தனிப் பூட்டில்.

தோல் உறையில் போட்டு வைக்கவே வைக்காதீர்கள். ஜூன் முதல் அக்டோபர்வரை அந்தத் தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நான்கு மாதம் கழித்து எடுத்தால் பித்தளைத் தோட்டாவில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு, சிலிண்டர் ஓரத்தில் செம்புள்ளி. களிம்பு பிடித்த தோட்டா அறையில் சிக்கும், சுட்டபின் வெளியே வராது. எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சேஃபில் சிலிக்கா ஜெல் போடுங்கள். எண்ணெயைத் தோட்டா மேல் விடக் கூடாது, அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் இறங்கினால் வெடிக்காது.

கதவுவேலை:

துப்பாக்கிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கத் தயாராக இருக்கிறவர் வீட்டில் தாழ்ப்பாளுக்கு முக்கால் அங்குல ஸ்க்ரூ போட்டிருக்கிறது! தோளால் இரண்டு இடி, மரத்தோடு பெயர்ந்து வரும். பூட்டின் எதிர்த்தட்டுக்கு 3 அங்குல ஸ்க்ரூ போட்டு நிலை மரத்துக்குள் ஆழமாக இறக்குங்கள். பால்கனி ஸ்லைடிங் கதவின் கீழ்த் தண்டவாளத்தில் அளவாக வெட்டிய மரக்கட்டை. யுடிலிட்டி ஜன்னலுக்கு கிரில். ஒரு நாள் வேலை. திருடன் கதவோடு போராடும் அந்த இரண்டு நிமிடம்தான் 112-க்கு வேண்டிய நேரம்.

தாத்தாவின்_துப்பாக்கி:

ஓசூர் ரோட்டில் போகிறவர்களுக்கு ஒன்று. உரிமத்தில் செல்லும் பகுதி "கர்நாடகா" என்றிருந்தால் அத்திப்பள்ளி தாண்டியதும் அது குற்றம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஆயுதக் கடையில் வைத்துவிட்டுப் போங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். கொண்டுபோகும் முன் துப்பாக்கியின் எண், குழலில் உள்ள கீறல், தோட்டா எண்ணிக்கை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ரசீதிலும் எண் எழுதச் சொல்லி வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது அதே எண்தானா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். சாக்குப் பையில் சுற்றிய இருபது துப்பாக்கிகள் ஒரே அறையில் கிடக்கும், எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.