வீட்டு ஒர்க்‌ஷாப்ல பழைய ஆயில சேத்து வைக்க எந்த கேன் சரிப்படும்?

சங்கிலிப்பல்லு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், ரெண்டு பைக், ஒரு கார், ஜெனரேட்டர், ஒரு சின்ன லேத், எல்லாத்துக்கும் நானே தான் ஆயில் மாத்துறேன். மாத்துறது ஒண்ணும் பெருசா தெரியல, கழட்டி விட்ட ஆயில எதுல வைக்கிறதுங்குறது தான் ரெண்டு வருஷமா ரோதனையா இருக்கு. இதுவரைக்கும் கைக்கு கெடச்ச தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில்னு ஊத்தி மூலையில அடுக்கிட்டே வந்தேன். போன வாரம் பாத்தா ரெண்டு பாட்டில் இடுப்புல சுருங்கி சாஞ்சு கெடக்கு, மூடி வழியா கசிஞ்சு சிமெண்ட் தரை பூரா கறை. கறை கூட பரவால்ல, என் பொண்ணுக்கு அஞ்சு வயசு, அந்த ஜூஸ் பாட்டில் ஒண்ணத் தூக்கிட்டு வந்து இது என்னப்பான்னு கேக்குறா. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

வருஷத்துக்கு 20, 25 லிட்டர் சேரும். பிளாஸ்டிக் நல்லதா, இரும்பு நல்லதா? ஒரேயடியா 200 லிட்டர் பேரல் ஒண்ண வச்சிட்டா நிம்மதியான்னு ஒரு யோசனை ஓடுது. லேத் கூலன்ட், பழைய பிரேக் ஆயில் இதையெல்லாம் அதுலயே ஊத்திரலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழையகியர்:
தம்பி, மொதல் வேலையா அந்த குடிக்கிற பாட்டில் அத்தனையையும் காலி பண்ணிருங்க, இன்னைக்கே. குடிக்கிற பொருள் வந்த பாட்டில்ல குடிக்கக் கூடாதத ஊத்தவே கூடாது, ஒர்க்‌ஷாப்புக்கு பூட்டு போட்டிருந்தாலும் சரி.

அது சுருங்குனதுக்கு காரணம் சூடு. தண்ணி பாட்டில் பெட் பிளாஸ்டிக், அடியில முக்கோணத்துக்குள்ள 1னு போட்டிருக்கும் பாருங்க, அது 70 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிரும். வண்டிய ஓட்டிட்டு வந்த சூட்டோட கழட்டுன ஆயில் அதுக்கு மேல இருக்கும். கழட்டும்போது வெதுவெதுப்பா இருந்தா தான் அழுக்கோட சேந்து இறங்கும், ஆனா கேன்ல ஊத்துறதுக்கு முன்னாடி டிரேயிலயே ஆற விடுங்க.

கேன்னு கேட்டா முக்கோணத்துல 2னு போட்ட ஹெச்டிபிஇ (HDPE) பிளாஸ்டிக் தான். புது என்ஜின் ஆயில் வர்ற கேன் பெரும்பாலும் அது தானே, அப்போ பழைய ஆயிலுக்கும் அதை விட பொருத்தமா எதைத் தேடப் போறீங்க? புது ஆயில ஊத்தி முடிச்ச கேன தூக்கிப் போடாம அதுலயே பழசை ஊத்தி மூடுங்க, நான் பல வருஷமா இப்படித்தான். அது பத்தலேன்னா கெட்டியான சுவர் உள்ள 10 லிட்டர் கேன் ரெண்டு வாங்குங்க, 20 லிட்டர் ஒண்ணா வேண்டாம். 20 லிட்டர் ஆயில்னா 18 கிலோ கிட்ட வரும், வழுக்குற கையோட அத தூக்கி இன்னொண்ணுல சாய்க்கிறப்ப தான் கொட்டும். கேன் வாங்குறப்ப எவ்வளவு புடிக்கும்னு பாக்குறத விட, நிரம்புன பிறகு நாம தனியா தூக்கிட்டு போக முடியுமான்னு பாருங்க.

கடப்பாரை:
பேரல் யோசனைய விட்டுருங்க ப்ரோ. நான் அந்த தப்ப பண்ணிட்டேன், ஒரு 200 லிட்டர் இரும்பு பேரல வாங்கி சுவர் ஓரமா வெளிய நிறுத்தி வச்சேன், மேல தளத்துல மூடி இறுக்கமா தான் இருந்துச்சு ஆனா மழை பெஞ்சா மேல தண்ணி தேங்கும், பகல்ல சூட்டுல உள்ள இருக்குற காத்து விரிஞ்சு வெளிய போகும், ராத்திரி குளிர்ந்ததும் உள்ள இழுக்கும், அப்படி இழுக்குறப்ப தேங்குன தண்ணியையும் மரை வழியா சேத்து இழுத்துருச்சு. தண்ணி ஆயில விட கனம்ங்குறதால அடியில போய் உக்காந்துக்கிச்சு, அடித்தகடு உள்ள இருந்தே துருப்புடிச்சு ஒரு நாள் ஊசி அளவுக்கு ஓட்டை. மண்ணுல இறங்குன பிறகு தான் எனக்கே தெரிஞ்சுது, அந்த மண்ண வெட்டி எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. இன்னமும் மனசு கேக்கல.

அப்புறம் நிரம்புன பேரல் 200 கிலோ கிட்ட வரும், வீட்டுல யாரு நகத்துறது? உங்க கணக்குக்கு அது நிரம்ப எட்டு வருஷம் ஆகும்.

எந்த கேனா இருந்தாலும் தரையில நேரடியா வைக்காம ஒரு டிரேக்குள்ள வைங்க. இருக்குறதுலயே பெரிய கேன் மொத்தமா உடைஞ்சாலும் அந்த டிரே தாங்கணும், அந்த அளவுக்கு மேல ஒரு பத்து சதவீதம் கூட இருக்கணும்னு கணக்கு சொல்வாங்க.

மைக்ரான்:
மேல ரெண்டு பேரு சொன்னதும் சரி. கலக்குறத பத்தி யாரும் சொல்லல, எனக்கு அது தான் முக்கியம்னு தோணுது.

என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் பொதுவா ஒரே கேன்ல போகலாம், உங்ககிட்ட பழைய ஆயில எடுத்துட்டு போறவங்க ஒத்துக்கிட்டா. பிரேக் ஆயில்னு பேரு தான் ஆயில், அது கிளைக்கால் (glycol)ங்குற ரசாயன வகை, தண்ணிய இழுக்கும், அதுக்கு தனி கேன். ரேடியேட்டர் கூலன்ட்டும் தனி. லேத் கூலன்ட் தண்ணியில கரைச்ச ஆயில், முக்கால்வாசிக்கு மேல தண்ணி தான், ரொம்ப நாள் மூடி வச்சா கெட்டு நாறும், அதுவும் தனி.

பெட்ரோல், தின்னர் இதுல ஒரு சொட்டு கூட கலக்காதீங்க. சும்மா பழைய ஆயில் தீப்புடிக்கிற அளவுக்கு ஆவி விட 200 டிகிரி கிட்ட சூடாகணும், பெட்ரோல் பூஜ்யத்துக்கு கீழ 40 டிகிரியிலயே அந்த நிலைக்கு வந்துரும், கொஞ்சம் கலந்தாலே மொத்த கேனும் ஆபத்தான சரக்கா மாறிரும். அதே மாதிரி பிளீச், பூச்சிமருந்து வந்த கேன் எவ்வளவு கழுவுனாலும் வேண்டாம், பிளாஸ்டிக்குள்ள ஊறுனது போகாது. சில பிரேக் கிளீனர்லயும் குளோரின் இருக்கு. பழைய ஆயில சுத்தம் பண்ணி திருப்பி பயன்படுத்துறவங்க குளோரின் இருக்கான்னு சோதிப்பாங்க, இருந்தா எடுக்க மாட்டாங்க. ஒரு கால் லிட்டர் கழுசடைக்காக பத்து லிட்டர் நல்ல ஆயிலும் வீணாப் போகும், எனக்கு அத பாத்தா வயித்தெரிச்சல்.

சங்கிலிப்பல்லு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பேரல் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு சந்தேகம். என்கிட்ட ஒரு 10 லிட்டர் ஹெச்டிபிஇ கேன் இருக்கு, மூடியில கறுப்பு ரப்பர் வாஷர், ரெண்டு மாசம் ஆயில் வச்சதுக்கே அது உப்பி சுருண்டு போச்சு, இப்ப மூடியே ஏற மாட்டேங்குது. எதனால? அப்புறம், என்னென்ன ஊத்துனேன்னு ஞாபகமே இல்லாம ஒரு நாலு லிட்டர் கலந்து கெடக்கு, அத என்ன பண்ண?

மைக்ரான்:
வாஷர் அனேகமா ஈபிடிஎம் ரப்பரா இருக்கும். தண்ணிக்கும் பிரேக் ஆயிலுக்கும் அது நல்லா தாங்கும், பெட்ரோலியம் ஆயில் பட்டா ஊறி உப்பிரும். ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் வாஷர் போடுங்க. பிரேக் ஆயில் கேனுக்கு தலைகீழ், அங்க நைட்ரைல் தான் கெடும். ரெண்டு வாஷரும் பாக்க ஒரே கறுப்பு, மாத்திப் போட்டுராதீங்க.

கலந்தத நல்ல ஆயிலோட சேக்காதீங்க. தனி கேன்ல வச்சு "கலந்தது, என்னன்னு தெரியாது"ன்னு அப்படியே எழுதி, ஆபத்தான கழிவுன்னு சொல்லியே குடுங்க, மறைச்சு குடுக்குறது எடுக்குறவங்களுக்கு செய்யுற துரோகம்.

பழையகியர்:
இன்னும் ரெண்டு மூணு விஷயம் ஞாபகம் வருது தம்பி. கேன விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, 20 லிட்டர் ஆயில் 30 டிகிரி கூடுதலா சூடானா 400 மில்லி கிட்ட பெருகும், அதுக்கு இடம் வேணும். வெயில் படுற இடமும் ஆகாது, வெள்ளை கேன் நாளாக நாளாக மொறுமொறுன்னு ஆகி ஒரு தட்டுல விரிசல் விட்டுரும். புனல் வாய் அகலமா வல போட்டதா இருக்கட்டும், ஆயில இறக்க கழட்டுற ட்ரெயின் போல்ட்டோட வாஷர் ஆயிலோட விழுந்தா அங்கேயே நிக்கும்.

ஃபில்டர கழட்டுன உடனே தூக்கிப் போடாம கவுத்து ஒரு ராத்திரி வடிய விடுங்க, உள்ள நிறைய நிக்கும். தொடைக்கிற துணிக்கு மூடி வச்ச இரும்பு டப்பா. மர சாமானுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுற பழக்கம் இருந்தா அந்த துணிய மட்டும் சுருட்டி போட்டுராதீங்க, அது காத்துல தானா சூடேறி தீப்புடிக்கும், விரிச்சு வெளிய காயப் போடணும். கைக்கு நைட்ரைல் கையுறை போடுங்க, பழைய ஆயில் தோலுக்கு ஆகாது, புத்துநோய் வரைக்கும் கொண்டு போற சாமான் அதுல இருக்கு.

சங்கிலிப்பல்லு:
முடிச்சிட்டேன் அண்ணே. பாட்டில் ஒண்ணு கூட இல்ல. ரெண்டு 10 லிட்டர் கேன்ல என்ஜின் ஆயில், கூலன்ட் ரெண்டுக்கும் பிரேக் ஆயிலுக்கும் தனித்தனி சின்ன கேன், அந்த நாலு லிட்டருக்கு சிவப்பு மூடி போட்டு எழுதி வச்சிருக்கேன். எல்லாமே டிரேக்குள்ள, டிரே பொண்ணுக்கு எட்டாத உயரத்துல பூட்டுன அலமாரி கீழ்த்தட்டுல

கடப்பாரை:
எட்டாத உயரம்னு சொல்றீங்க, கீழ்த்தட்டுன்னும் சொல்றீங்களே ப்ரோ?

சங்கிலிப்பல்லு:
எழுதுனது தப்பு, மன்னிக்கணும். கனம்ங்குறதால கீழ்த்தட்டுல தான் வச்சிருக்கேன், பூட்டு தான் அவளுக்கு எட்டாத உயரத்துல இருக்கு. சாவி என் கழுத்துல.